எல்லைக்கல் இருந்த இடம்

அப்பா,

முந்தாநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். தெருவெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த வாசம். நாலைந்து பெண்கள் ஈரத் துணியோடு காலிக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்கள். மாரியம்மன் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நம் ஊரில் திருவிழா அறிவித்து நோம்பி சாட்டியது தெரியாமல் உங்கள் மகள் இருந்தாள் என்றால் நீங்கள் நம்புவீர்களா?

இந்த வருடம் ஆட்டோவில் மைக் கட்டிச் சாட்டினார்களாம். ஆட்டோ தார்ரோட்டோடு திரும்பிவிட்டது, நீங்கள் விவசாயம் பார்த்த நம் காட்டில் எழுந்த இந்த நகருக்குள் வரவில்லை. கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்: சாட்டு பழைய ஊருக்கு மட்டும், சைட்டுகளில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் ஊர்க்கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் தெருவில் பாலக்காட்டுக்காரர் இருக்கிறார், திருநெல்வேலிக்காரர் இருக்கிறார், சனிக்கிழமை ஆனால் பெட்டியோடு பஸ் ஏறிவிடும் வாத்தியார் குடும்பம் இருக்கிறது. கம்பம் நட்ட நாளிலிருந்து பிடுங்குகிற நாள்வரை ராத்திரி எல்லை தாண்டித் தங்கக்கூடாது என்று இவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

எல்லாம் புரிந்தது. ஆனாலும் அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் நின்றுவிட்டேன். நம் காடு எல்லைக்கு வெளியே என்றால், அன்று நர்சிங் ஹோமில் என் பையன் படுத்திருந்ததும் வெளியேதானே? கெமிஸ்ட்ரி படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்கள் மாப்பிள்ளை கேட்பார். அதனால் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவன் தும்மினாலும் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். இப்போது அவன் தூங்கிவிட்டான். உங்களிடம் சொல்லிவிட்டால் நானும் தூங்குவேன் என்று தோன்றுகிறது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தார்ரோட்டுக்குக் கிழக்கே ஒரே ஒரு வீடு கிடையாது. சோளம், பருத்தி, கிணற்றை ஒட்டி நம் மிளகாய்ப் பாத்தி, அப்புறம் கண்ணுக்கு எட்டுகிற வரை மற்றவர்களின் காடுகள். நான் காலேஜில் சேர்ந்த வருடம் கிணற்றில் தண்ணீர் கீழே போனது. போர் போட்டீர்கள், புகையும் மண்ணும்தான் வந்தது. முதலில் பக்கத்துக் காட்டுக்காரர் விற்றார். அங்கே மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டு, வளைவு கட்டி, நகர் என்று பெயர் எழுதினார்கள். அதற்குப் பிறகு நம் காட்டுக்குப் பாதை இல்லாமல் போயிற்று. நீங்களும் விற்றீர்கள். எனக்கென்று ஒரு சைட்டை மட்டும் நிறுத்திக்கொண்டீர்கள்.

விற்ற பிறகும் தினமும் அங்கே போனீர்கள். ரோடு போட்டிருந்தும் ரோட்டில் நடக்கமாட்டீர்கள். பழைய வரப்பு எந்தப் பக்கம் போனதோ அந்தத் தடத்திலேயே யாருடைய காலி மனையிலோ புகுந்து நடப்பீர்கள். ஒருநாள் அங்கே காம்பவுண்டுச் சுவர் எழும்பிவிட்டது. சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஏர் திருப்புகிற மாதிரி மெதுவாகத் திரும்பி வந்தீர்கள். "என்னங்கப்பா, சுத்திட்டு வர வேண்டியதுதானுங்களே?" என்றேன். "பருத்திக்குள்ள எப்படி அம்மிணி மிதிச்சிட்டு வாரது?" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

கிணற்றை மூடி, அதற்குக் கிழக்கே நாலு சைட்டைச் சேர்த்து நர்சிங் ஹோம் கட்டினார்கள். மாடி வைத்த கட்டடம், வாசலில் பச்சை விளக்கு. அதன் பக்கம் மட்டும் நீங்கள் போகவே மாட்டீர்கள்.

அந்தக் கோடையில் நான் நோம்பிக்கு வந்திருந்தேன். பையன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். உங்கள் மாப்பிள்ளை உடுமலையில் வேலையாக இருந்தார். கம்பம் நட்டு ஊரே மஞ்சளும் வேப்பிலையுமாக இருந்தது. மதியம் பையனுக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணீர் வரவில்லை. நர்சிங் ஹோமுக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா தோலைக் கிள்ளிப் பார்த்தார். "இப்பவே ட்ரிப் ஏத்தணும். ரெண்டு மூணு நாள் இங்கயே இருக்கணும்" என்றார்.

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கம்பம் நட்டாச்சேங்க. ராத்திரி எப்படீங்க தங்கறது?"

அதற்குள் பெரியப்பாவும் வந்துவிட்டார். கோயில் காரியமெல்லாம் அவர் கையில்தானே. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏம்ப்பா, மருந்து மாத்திரையக் குடுத்து ஊட்டுக்குக் கொண்டாந்து படுக்க வை. விடிஞ்சதும் திரும்பக் கொண்டாந்துக்கலாம். ஊரே கட்டுப்பட்டுக் கெடக்கறப்போ நம்ம கொழந்தைய எல்லை தாண்டிப் போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

உங்களை விடக் கட்டுப்பாடு பார்க்கிறவர் ஊரில் யார் இருந்தார்கள்? என் பரீட்சைக்கு ஹாஸ்டலில் தங்கவேண்டி வந்தபோதுகூட, கம்பம் நட்டிருக்கிறது என்று சாயங்காலம் பஸ்ஸில் கூட்டிவந்து, விடியற்காலை திரும்பக் கொண்டுபோய் விட்டவர் நீங்கள். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எல்லை தாண்டறதா? இது நம்ம காடுங்கண்ணா" என்றீர்கள்.

"காடு உன்னுதுதான். எல்லைக்கல்லு எங்க இருந்துச்சு?"

"கெணத்துக்கு அந்தாண்ட, வேப்ப மரத்துக்குக் கெழக்க."

"கெணத்தையும் காணோம், மரத்தையும் காணோம். எதைய வெச்சுச் சொல்றே?"

"வித்தது நாந்தானுங்களே? எதெது எங்கெங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா? இந்தக் கட்டடத்தோட பின்சுவத்துக்கும் அந்தப் பக்கம் இருந்துச்சுங்க கல்லு. நாம இப்ப ஊருக்குள்ளதான் நிக்கறோம்."

பெரியப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவர். "உன்ற காட்டப் பத்தி நீ சொன்னாச் செரி" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா உங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, துணியும் சொம்பும் எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்குப் போனாள்.

பையனுக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். நீங்கள் வெளியே ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். பொழுது விடியும்போது அவன் ஒன்றுக்குப் போனான். நர்ஸ், "இனிப் பயமில்லீங்க்கா" என்றாள். உங்களிடம் சொல்ல ஓடிவந்தேன், உங்களைக் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வேட்டி நனைந்து காலோடு ஒட்ட, கையில் காலிக் குடத்தோடு வந்தீர்கள்.

"கம்பத்துக்கு ஒரு கொடம் ஊத்திப்போட்டு வாரேன்."

"அது பொம்பளைங்க ஊத்தறதுங்கப்பா!" என்று சிரித்தேன். ஒரு ராத்திரி முழுக்கப் பயந்திருந்தவளுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

கம்பம் பிடுங்குகிறவரை ஒருநாள் விடாமல் ஊற்றினீர்கள். வரிசையில் நின்ற பெண்கள் விடுவார்களா? "ஏனுங் மாமா, எங்க வேலையெல்லாம் நீங்களே செஞ்சுபோட்டா நாங்க ஊட்டுக்குப் போயி வேட்டி தொவைக்கறதுங்களா?" என்று ஒருத்தி கேட்டதாக அம்மா சொல்லிச் சிரித்தாள். பேரன் பிழைத்த சந்தோஷம் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த நோம்பிக்கு முன்னாலேயே உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. வலியை எங்களிடம் சொல்லாமல் எத்தனை நாள் வைத்திருந்தீர்களோ, தெரியாது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுக்கையைச் சுற்றி நாங்கள் அழுதுகொண்டிருக்க, நீங்கள் மட்டும் எதையோ எதிர்பார்த்து இருந்தவர் மாதிரி அமைதியாக இருந்தீர்கள். "பையன் நல்லா இருக்கானில்ல அம்மிணி? அது போதும்" என்றீர்கள். பேரன்மேல் இருந்த பிரியம் என்று அதையும் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து நீங்கள் வீடு திரும்பவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் அம்மாவிடம் என் பயத்தைச் சொன்னேன். அவள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள், நீங்கள் நிறுத்திவைத்த சைட்டில் கட்டிய இந்த வீட்டில். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கோயில்காரங்க காட்டை வெளிய தள்ளிப்போட்டாங்களேம்மா. அப்பா உள்ளன்னு சொன்னாரு. இப்பப் போயி எல்லைய மாத்தினா அது எப்படி?"

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க ஒண்ணும் மாத்துல கண்ணு. கல்லு எப்பவும் ரோட்டோரத்துலதான் இருந்துச்சு. தார் போடறப்போ பேத்து எறிஞ்சுபோட்டாங்க. நம்ம காடு என்னைக்கும் எல்லைக்கு வெளியதான்."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? நான் கண்ணாலம் ஆயி வந்த வருசம், களை வெட்டிட்டு அந்தக் கல்லுமேலதான் கூடைய எறக்கி வெப்பேன். பக்கத்துல நின்னு மறுபடி தூக்கி உடறது அவருதான்."

"அன்னைக்கு நீ ஏம்மா சொல்லல?"

"உம் மூஞ்சியப் பாத்தேன். அவரு மூஞ்சியப் பாத்தேன். சொல்லோணும்னு தோணல." காம்புகளை முறத்தின் ஒரு ஓரமாக ஒதுக்கினாள். "அப்புறம் ஒரு நாளு கேட்டேன். ஏனுங்க, இப்படிச் சொல்லிப்போட்டீங்களேன்னு. குத்தம்னா அது எம்பேருல போகட்டும், கொழந்தை பேருல வேண்டாம்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டுத்தான் தண்ணி ஊத்தறேன்னாரு."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அழுகை வரவில்லை. கிணறும் மரமும் கல்லும் இருந்திருந்தால் உங்களால் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொன்றாகப் போனபோதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். எல்லாம் போய் வெறும் சுவராக நின்ற இடத்தில், என் பிள்ளைக்காக அந்தச் சுவர்களைப் பயன்படுத்திக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு அத்தனை நாளும் அந்த நெஞ்சுவலியை நீங்கள் என்னவென்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தீர்கள் அப்பா? தண்டனை என்றா? மாத்திரை போட்டால் தீருகிற வலியாக இருந்திருக்கலாமே. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று காலை பையனை எழுப்பி, குளிப்பாட்டி, ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக்கொண்டு தார்ரோட்டைத் தாண்டிக் கோயிலுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பிப் பார்த்து, "நகர்க்காரங்களுக்கு இங்க என்ன வேலை? உங்களையெல்லாம் தள்ளி வெச்சாச்சே!" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

"தள்ளி வெச்சவங்க தண்ணிய ஆத்தா வேண்டாம்னாச் சொல்லச் சொல்லுங்க்கா, திரும்பிப் போயிக்கறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே எனக்கு வழிவிட்டாள்.

குடத்தைச் சாய்க்கும்போது சொன்னேன். பொய் சொன்னவர் எங்கப்பா. ஆனால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்து நின்றவள் நான். ஒருத்தர் பேரிலேயே முழுக்க எழுதாதே, தாயே.

தண்ணீர் கம்பத்தில் இறங்கி மண்ணில் ஓடியது. உங்கள் பேரன் அதில் காலை வைத்துக் குதித்தான். இனிமேல் அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது அப்பா.