தலைவருக்குத் தேர்தல் இங்கிலீஷ்

16.8.2023
ராஜஸ்தானிலிருந்து பஞ்சாயத்துத் தலைவிகள் சிலர் அடுத்த மாதம் நம் ஊருக்கு வருகிறார்களாம். தேர்தலில் நின்று ஜெயித்த கதையைத் தலைவர் இங்கிலீஷில் பேச வேண்டுமாம். ஒன்றிய அலுவலகத்துப் போனை எடுத்தது என் வீட்டுக்காரர் தனபால். ஊரில் தலைவர் என்றால் அவர்தான். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் பெயர் மட்டும் என்னுடையது, மதுமதி. "நானே பேசிக்கறனுங்க" என்று ஆரம்பித்தவர், முகம் சுருங்கிப் போனை என்னிடம் நீட்டினார். "பொம்பளைங்கதான் பேசோணுமாம்."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்: தேங்க்யூ, ஹேப்பி பர்த்டே.

20.8.2023
சூரமங்கலத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்தும் சரிதா, தினமும் போனில் பாடம் எடுக்கிறாள். என்னைவிடச் சின்னவள். அவள் என்னை அக்கா என்கிறாள், நான் மிஸ் என்கிறேன். இன்று தேர்தல் வார்த்தைகள். கேன்வாஸ் என்றால்? ஷூ என்றேன். ஓட்டுக் கேட்பதாம். மார்ஜின்? நோட்டில் போடும் கோடு. ஓட்டு வித்தியாசமாம். பை-எலெக்‌ஷன்? "பை குடுத்து ஓட்டு வாங்கறதுங்க மிஸ்." இடைத்தேர்தலாம். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் தப்பு என்று சொல்லவில்லை.

21.8.2023
கான்ஸ்டிட்யுவன்சி. வாய் சுளுக்கிக்கொண்டது.

27.8.2023
பிரசாரம் செய்ததைச் சொல்லச் சொன்னாள். எனக்கு ஞாபகம் இருப்பது: ஜீப்பில் நின்று கும்பிட்டேன். வெயில். போட்ட மாலையில் எறும்பு. பேசியதெல்லாம் அவர். ஜெயித்த அன்று நன்றி சொன்னதும் அவர்.

"ஜெயிச்சு வந்ததும் நீங்க எடுத்த முதல் முடிவு என்னங்கக்கா?"

யோசித்தேன். "சிக்னல் சரியில்லீங்க மிஸ்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

3.9.2023
ப்ராக்ஸி. சினிமாவில், காலேஜுக்கு வராத பெண்ணுக்குப் பதிலாக இன்னொருத்தி "எஸ் சார்" சொல்வாளே, அதுதானே என்றேன். முதல்முறையாகச் சரியான பதில்! இதை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்க என்றாள். "மை ஹஸ்பெண்ட்" என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். அவளும் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டாள்.

அவர் எனக்கு ப்ராக்ஸியா, நான் அவருக்கா? பேசாமல் ஹேப்பி பர்த்டேயோடு நின்றிருக்கலாம்.

14.9.2023
வந்தார்கள். சமுதாயக்கூடம் நிறைய ஜனம். "ஐ ஆம் மதுமதி. பீப்பிள் எலெக்டட் மீ." அவ்வளவுதான், மனப்பாடம் செய்ததெல்லாம் ஆவியாகிவிட்டது. பக்கத்திலிருந்து அவர் எடுத்துக்கொடுக்கிறார் — தமிழில்!

முக்காடு போட்ட கமலா என்ற தலைவி, என்னுடையதைப் போன்ற இங்கிலீஷில், "வாட்டர் ப்ராப்ளம், வாட் யூ டூ?" என்று கேட்டார். இவர் எழுந்து பதில் சொல்லப் போனார். கமலா கையைக் காட்டி நிறுத்தினார். "நோ பிரதர். ஐ ஆஸ்க் பிரசிடென்ட்."

கூடமே என்னைப் பார்த்தது. "ஐ டோன்ட் நோ" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பட் ஐ வில் கோ. டுமாரோ." எங்கே, எதற்கு என்றெல்லாம் எனக்கே தெரியாது. வாயில் வந்த இங்கிலீஷ் அது. எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். இனி போகாமல் முடியுமா?

15.9.2023
போனேன், தண்ணீர்த் தொட்டிக்கு. தண்ணீர் திறந்துவிடும் சின்னுசாமி என் பின்னால் எட்டிப் பார்த்தார். "அண்ணன் வரலீங்களா?"

"நான் வந்திருக்கறனுங்க."

கிழக்குத் தெரு வால்வு கெட்டு மாசக்கணக்காகிறதாம், அண்ணனிடம் சொல்லியாயிற்றாம். மெக்கானிக்கை நானே கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். என் முதல் முடிவு — ஒரு வால்வு.

வீட்டில், "என்னைக் கேக்காம ஏம்புள்ள போன?" என்றார். ஏன் கேக்கோணும்? கேட்டிருந்தா உட்டிருப்பாரா? அப்ப நான் யாரு இந்த ஊருக்கு? இதையெல்லாம் அவரிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன், வீராங்கனை.

8.10.2023
விடிந்ததும் வாசலில் சத்தம். மேற்குத் தெரு அங்காளம்மாள். கிழக்குக்குத் தண்ணீர் போனதிலிருந்து மேற்கில் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதாம். என் வீட்டுக்காரர் வெளியே போனார்.

"நீ இரு சாமி. தலைவரக் கூப்புடு."

போய் நின்றேன். தெருவே கேட்கத் திட்டினார். "உனக்குத்தான ஓட்டுப் போட்டம்? நீதான் பதில் சொல்லோணும்!" ஜெயித்து வந்த இத்தனை காலத்தில் என்னை யாரும் திட்டியதே இல்லை. வாங்கிக்கொண்டு, "இதா வாரனுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் உள்ளே போய் ஸ்கூட்டி சாவியை எடுத்து வந்து கொடுத்தார்.

"பெட்ரோல் கம்மியா இருக்குது. பாத்துப் போ."