அப்பா பாட்டில் கழுவுகிறார்

என் செல்ல மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் என் வால் பேத்தியும் நல்ல சுகம்தானே, இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், வெறும் சுகம் இல்லை, எனக்குக் கால் தரையிலேயே படவில்லை. விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை ஆற அமரப் படி. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. ஆறு மாதம் இந்த ஊர்க் கிளையில் வந்து வேலை பார்க்கிறாயா என்று உன் ஆபீஸில் கேட்டார்களே, இருபதாம் தேதிக்குள் பதில் வேண்டும் என்றார்களே, வருகிறேன் என்று சொல்லிவிடு. நீ ஆபீஸுக்கும் நான் தையல் கடைக்கும் போய்விட்டால் பகலில் குழந்தைக்கு யார் பால் கொடுப்பது என்றுதானே கவலை, உன் அப்பா கொடுப்பார். ஆமாம், அதே அப்பாதான். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தால் அவர் பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது.

போன மாதம் நீ கேட்டபோது "என்னால முடியாதும்மா" என்று ஒரே வார்த்தையில் போனை என் கையில் திணித்துவிட்டுப் போனாரே, "பேத்தி மேல அப்பாவுக்குப் பாசமே இல்லையாம்மா" என்று நீ அழுதாயே, அன்றைக்கு நான் மழுப்பினேன். பாசம் இல்லாமல் இல்லை, பயம். கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் அவருக்கு என்ன வேலை, வெள்ளை விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, கழுவி வரிசையாக நகர்ந்து வருகிற கலர் சோடா பாட்டில்களில் அழுக்கு இருப்பதைப் பொறுக்கி எடுக்கிற வேலை. ஒரு தூசி தப்பாது. வீட்டு டம்ளரைக்கூட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து என் உயிரை வாங்குவார். வேலை போதும் என்று அவராகவே விட்டுவிட்டார் என்று உனக்குச் சொன்னோம் அல்லவா, அது பொய், என்னைத் திட்டாதே. கண்ணில் புரை விழுந்ததை மனுஷன் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே ஸ்ட்ரா துண்டு கிடந்த பாட்டில் ஒன்று அவர் கண்ணுக்குத் தப்பிக் கடைக்குப் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மேனேஜர்கூடக் குரலை உயர்த்தவில்லை, "கொஞ்ச நாள் ஸ்டோர்ல இருங்க" என்றாராம், அவ்வளவுதான், மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கண் ஆப்பரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள் என்றால், "இனி எதப் பாக்கணும் எனக்கு, இருக்கற கண்ணு போதும்" என்பார். நீ பால் பாட்டில் என்றதும் அவருக்கு அந்த பாட்டில்தான் ஞாபகம் வந்திருக்கிறது. "ஊர்ல எவனோ குடிக்கறதுலயே கோட்டை விட்டவன் நான், நம்ம குழந்தை வாயில வைக்கறத என்கிட்ட குடுக்கச் சொல்றியா" என்று என்னிடம் கத்தினார்.

எனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டுத்தான் உட்காருவேன். கடைக்குப் போய் இரண்டு பால் பாட்டிலும் ஒரு பிரஷும் வாங்கி வந்தேன். மேல் வீட்டில் குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருத்தி குடிவந்திருக்கிறாள், நல்ல பெண், பேச்சில் தேன், வேலையில் போலீஸ். அவளைக் கூப்பிட்டு, அப்பா காதில் விழுகிற மாதிரி எனக்குக் கற்றுக்கொடு என்றேன். அப்பா கூடத்தில் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார், தலைப்பைத் தவிர ஒரு எழுத்து தெரியாது அவருக்கு. அவள் முதலில் கையைக் கழுவச் சொன்னாள், மூடி, வளையம், நிப்பிள் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றச் சொன்னாள், சோப்புப் போட்ட வெந்நீரில் பிரஷ் விட்டுத் தேய்த்து, நிப்பிள் ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி, நன்றாக அலசச் சொன்னாள். நான் வேண்டுமென்றே, "கண்ணு சரியில்லாதவங்க இதச் செய்ய முடியுமா" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "கிருமிய நானே கண்ணால பாத்ததில்லம்மா. அழுக்கு போச்சான்னு விரல் சொல்லும். மத்ததெல்லாம் கொதி தண்ணியும் கடிகாரமும் பாத்துக்கும்" என்றாள். பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து, "எத்தன நிமிஷம்?" என்று ஒரு குரல். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது. கொதி வந்த பிறகு பத்து நிமிஷம் என்றாள்.

அன்றையிலிருந்து என் சமையலறை என் கையில் இல்லை. குழந்தையே இல்லாத வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு முறை பாட்டில் கழுவல் நடக்கிறது. சும்மா கழுவினால் பழக்கம் ஆகாதாம், பாலை ஊற்றிக் குலுக்கி அழுக்காக்கிவிட்டுக் கழுவுகிறார், குலுக்கின பாலில் எனக்கு டீ. உள்ளே விரலை விட்டுத் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் மறுபடி சோப்பு. பாட்டிலுக்குள் காற்று நிற்காமல் சாய்த்துச் சாய்த்துத் தண்ணீரில் முழுக வைக்கிறார், கொதிக்கிற சத்தம் மாறினதும் கடிகாரத்துக்கு அலாரம் வைக்கிறார். பால்காரர், "வீட்ல குழந்தையா சார்" என்று கேட்டதற்கு, "இல்ல, ஒத்திகை" என்றாராம். இதில் நான் வேறு மாட்டிக்கொண்டேன். போன வாரம் தட்டில் கவிழ்த்து வைத்த பாட்டில் ஈரமாக இருக்கிறதே என்று, துவைத்து மடித்த துண்டால்தான், உள்ளே விட்டுத் துடைத்து வைத்தேன். வந்தாரே ஒரு வரத்து! "பத்து நிமிஷம் கொதிக்க வெச்சது எதுக்கு, உன் துண்டுல இருக்கறத உள்ள போடவா, தானா காயட்டும், தொடாத" என்று தெரு கேட்கக் கத்தினார். வேலையை விட்டதிலிருந்து இந்தக் குரலை நான் கேட்கவே இல்லையடி. வாங்கிக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக நின்றேன். நீயும் அன்றைக்கு வீடியோவில் பாட்டிலைக் கைக்குட்டையால் துடைத்தாய், நான் பார்த்தேன், இனிமேல் செய்யாதே.

இன்னொன்று கேள். நர்ஸ் பழைய நிப்பிள்கள் ஏழெட்டைக் கொண்டுவந்து, இதில் எது ஆகாது என்று பரீட்சை வைத்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து எல்லாம் நல்லதுதான் என்றேன். அப்பா ஒவ்வொன்றையும் இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி, இழுத்து, மடித்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தனியே வைத்தார், "இது ஓரத்துல விட்டிருக்கு" என்றார். இழுத்துப் பிடித்த பிறகுதான் அந்த மயிரிழை வெடிப்பு எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. நர்ஸ், "வார்டுக்கு வந்துடுங்க சார்" என்றாள். மனுஷனுக்கு அன்றைக்கெல்லாம் உச்சி குளிர்ந்துபோய் இருந்தது. அதனால் நீ உன் பழைய நிப்பிள்களை மூட்டை கட்டிக்கொண்டு வராதே, கொதிக்க வைக்கலாம் என்று போட்டிருக்கிற பாட்டிலாகப் பார்த்துப் புதிதாக நாலு வாங்கி வா. குடித்து மீந்த பாலை அப்புறம் ஆகும் என்று வைக்காதே, நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னாள்.

கடைசியாக வைத்திருக்கிற விஷயம் இதுதான், இதை எழுதத்தான் இவ்வளவு அவசரமாக உட்கார்ந்தேன். நேற்று நான் கடையிலிருந்து வந்தபோது அப்பா சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மேஜையில் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நர்ஸைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய், அடுத்த மாதம் ஆறாம் தேதி ஆப்பரேஷன் என்று நாள் வாங்கிவிட்டு வந்திருக்கிறார். நீ வருவதற்குள் கண் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம். ஒரு வருஷமாக நான் கெஞ்சியும் அசையாத மனுஷன்! "பாட்டில் கழுவத்தான் கண்ணு வேண்டாம்னு ஆயிடுச்சே, இப்ப எதுக்குத் திடீர்னு" என்று சீண்டினேன். கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல், "பாட்டிலுக்கு வேண்டாம். பால் குடிக்கறப்போ அவ என்னப் பாப்பால்ல, நானும் அவளப் பாக்கணும்ல" என்றார். நான் அழுதுவிட்டேன், நீயும் அழு, பரவாயில்லை.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், வாலுக்கு என் முத்தம். இருபதாம் தேதியை மறந்துவிடாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் எங்கேயாவது ஒளித்து வை, இப்போதைக்கு அவரால் இதைப் படிக்க முடியாது, ஆறாம் தேதிக்குப் பிறகு கையில் சிக்கினால் நான் தொலைந்தேன்.

உன் வருகைக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா