சனிக்கிழமை பாட்டிலும் பெருவிரலும்

29-3-2008, சனி

காற்றே இல்லை. கொடியில் துணி விறைப்பாகக் காய்ந்து கிடக்கிறது. கரண்ட் வந்த நேரம் பார்த்து மாவு ஆட்டி, வழித்து வைத்தாயிற்று. யாழினி தூங்கிவிட்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. இன்னொரு தடவையும் பார்த்தேன்.

இன்று சனிக்கிழமை. அதாவது பீர். ஒப்பந்தப்படி ஒன்று. டாக்டர் சொன்னது, "நிறுத்திருங்க." இவர் காதில் விழுந்தது, "குறைச்சிருங்க." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வீடு வரும்வரை பஸ்ஸில் பேரம். கடைசியில் முடிவானது: வாரத்துக்கு ஒரு பாட்டில், காலையில் நடை, நண்டு கணவாய் குறைப்பு, தண்ணீர் நிறைய.

யூரிக் ஆசிட். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்ததற்கு ஒரே பலன், அது மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிவதைப் படம் போட்டு விளக்க முடிந்தது. இவர் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா வரையிறத்தா. கோலமாப் போட்டா நல்லாருக்கும்." தீபாவளிக்கு அப்புறம் வலது கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே கத்திய ஆள் பேசுகிற பேச்சு!

கடையில் பீர் எப்போதும் வெதுவெதுப்புதானாம். அதனால் இவர் சினேகிதர் சேகர் அண்ணன், தன் ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டி ஐஸுக்குள் புதைத்து வைத்துக் கொடுத்து அனுப்புகிறார். பாட்டில் முழுக்கச் சாளை வாசம். யாழினி மோந்து பார்த்து, "அப்பா, மீன் ஜூஸ்!" இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

குடித்தால் இவர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். பாத்திரம் கழுவித் தருகிறார், பிள்ளைக்கு யானை ஆகிறார். சண்டை போடுகிற ஆளாக இருந்தால் நானும் சண்டை போட்டுவிடலாம்.

30-3, ஞாயிறு

இவர் நடைக்குப் போய்விட்டு வியர்த்து வந்தார். சந்தோஷப்பட்டேன். பார்த்தால் கையில் எண்ணெய்ப் பொட்டலம். உளுந்த வடை. கேணிக்கரை வரை போய்த் திரும்பும் வழியில் நடைக்கூட்டம் மொத்தமும் வடைக் கடையில் நிற்கிறதாம்.

"நடந்தது வீணாப் போச்சே."

"களைப்பா இருக்குமில்ல? உனக்கும் ரெண்டு வாங்கியாந்திருக்கேன்."

தின்றேன். சூடாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஊரில் காப்புக் கட்டு. இங்கே ராமநாதபுரத்தில் இல்லை, கடலாடிப் பக்கம், இவர் பிறந்த ஊர். காப்புக் கட்டி எட்டாம் நாள் பூக்குழி. இந்த வருஷம் இவரும் இறங்குகிறார். போன வருஷம் யாழினிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இவர் வேண்டிக்கொண்டது: பிள்ளை பிழைத்தால் தூக்கிக்கொண்டு நெருப்பில் இறங்குகிறேன். நான் அப்போது எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தேன். நெருப்பு, என் பிள்ளை, இவருடைய பெருவிரல். மூன்றையும் சேர்த்து நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

31-3, திங்கள்

யாழினிக்கு இருமல் இல்லை. சோறு சாப்பிட்டாள். பால் பொங்கி அடுப்பு வீணாயிற்று.

காப்புக் கட்டினால் கறி மீன் கூடாது, செருப்புப் போடக் கூடாது, வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பீர் கூடவே கூடாது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஐந்து மாதமாக நான் கத்தியும் நடக்காததை ஒரு மஞ்சள் கயிறு செய்துவிடப் போகிறது.

சாயங்காலம் இவர், மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் தன் கடையைப் பூட்டிவிட்டுப் போன் பண்ணினார். இவர்கூட வேண்டுதல் வைத்த ஆட்கள் எல்லோரும் சேகர் அண்ணன் ஐஸ் கம்பெனியில் கூடியிருக்கிறார்களாம். காப்புக்கு முந்தின நாள் வழக்கம். நண்டு, கணவாய், பீர்.

"எட்டு நாளைக்கு ஒண்ணும் கிடையாதுத்தா. அதுக்கும் சேத்து இன்னைக்கே."

"எட்டு நாள்ல ஒரு சனிக்கிழமதான் வருது. அப்படிப் பாத்தாலும் ஒண்ணுதான்."

"சாமி காரியத்துல கணக்குப் பாக்கக் கூடாது."

பின்னால் சேகர் அண்ணன் குரல்: "தங்கச்சி, கவலப்படாத! கணவாயில முள்ளே கிடையாது!"

முள்ளுக்காகவா நான் கவலைப்படுகிறேன்?

1-4, செவ்வாய்

விடியும் முன்பே, "ஏத்தா, கால்."

ஏப்ரல் ஒன்று. விளையாடுகிறார் என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். பாவி நான். லைட்டைப் போட்டுப் பார்த்தால் பெருவிரல் பழுத்த தக்காளி. மின்விசிறிக் காற்றுப் பட்டாலே பல்லைக் கடிக்கிறார்.

சொல்ல வேண்டியதெல்லாம் அந்த விரலே சொல்லிக்கொண்டிருந்தது.

சேகர் அண்ணன் லோடு ஆட்டோவில் படுக்க வைத்து ஊருக்குக் கொண்டுபோனோம். மீன் பெட்டிகளுக்கு நடுவில் இவர், காலுக்குக் கீழே தலையணை. பாலத்து மேட்டில் ஒரு குலுக்கல், "ஆத்தாஆஆ!" சாலையோரம் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சாமி வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

கோவிலில் இரண்டு பேர் தாங்க, ஒற்றைக் காலில் நின்று காப்புக் கட்டிக்கொண்டார். அத்தை, இவர் அம்மா, என்னிடம், "என்னத்தா ஆச்சு இவனுக்கு?"

"பெருவிரல்ல அடிபட்டிருச்சு அத்தை."

அத்தை மோந்து பார்த்தார். "நண்டு அடிச்சிருச்சாக்கும்."

2-4, புதன்

பகலில் ராமநாதபுரம் வந்து டாக்டரைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பினோம். டாக்டரம்மா விரலைப் பார்க்கும் முன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"காப்பா? எது வரைக்கும்?"

"அடுத்த செவ்வாய் வரைக்கும்."

"கறி?"

"தொட மாட்டேன்மா."

"மீனு, நண்டு?"

"அய்யய்யோ."

"பீரு?"

"சாமி குத்தமாயிரும்மா!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அஞ்சு மாசமா நான் சொன்னதத்தான் பூசாரி கயித்துல கட்டி விட்டிருக்காரு."

மாத்திரை. தண்ணீர் நிறைய. காலைத் தூக்கி வைத்து ஓய்வு.

எழுந்து வரும்போது இவரை முன்னால் விட்டுவிட்டுப் பூக்குழியைப் பற்றி நான் சொன்னேன். டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தினார். "வேண்டாம்னுதான் சொல்லுவேன். மீறி இறங்கினா அவர் பாடு. பிள்ளையத் தூக்கவே கூடாது. நெருப்புல ஒரு தரம் விரல் சுருக்குன்னா என்ன ஆகும்?"

அந்தச் 'சுருக்' வழியெல்லாம் என்கூடவே வந்தது.

4-4, வெள்ளி

ஊர். வெயில். முற்றம் முழுக்க முண்டு மிளகாய் வத்தல், தும்மல். யாழினிக்கு வேர்க்குரு.

விரல் தக்காளியிலிருந்து நெல்லிக்காய்க்கு இறங்கியிருக்கிறது. கூழ், கீரை, தண்ணீர், தண்ணீர். இவர் முகம் தெளிந்துவிட்டது. சாயங்காலம் மெல்ல ஊன்றி நடந்தார். அத்தை, "பாத்தியா, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா." நான் மாத்திரை அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இன்றுதான் அத்தையிடம் சொன்னேன்.

"பிள்ளைய நான் குடுக்க மாட்டேன் அத்தை."

"தூக்கிட்டு எறங்குறேன்னு அவன் வாயால சொன்னதுத்தா. மாத்த முடியுமா?"

"அவுக வாயிதான். பிள்ள ரெண்டு பேருக்கும் பிள்ள."

அத்தை வத்தலைக் காலால் கிளறிக்கொண்டே தெருப்பக்கம் போய்விட்டார். இவர் எல்லாவற்றையும் கேட்டபடி கட்டிலில் கிடந்தார். என் பக்கம் திரும்பவில்லை. எட்டு வருஷமாகப் பீருக்குப் பேரம் பேசியதில் வராத பயம் இப்போது. வாக்கா பிள்ளையா என்று இவரை நிறுத்துகிறேன். எது சொன்னாலும் ஒருத்தர் முகம் வாடும்.

6-4, ஞாயிறு

காலையில் இவரே எழுந்து, "வா, பூசாரி மாமாகிட்டப் போவோம்" என்றார். செருப்பில்லாமல் சூட்டில் ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தடவி நடந்தார்.

பூசாரி மாமா வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். இவர் நின்றபடியே, "மாமா, நான் வேண்டுனது பிள்ளைய வச்சு. இப்பக் காலு நம்பிக்கையா இல்ல. நான் விழுந்தா விழுகிறேன். பிள்ள விழக் கூடாது. ஆத்தாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவள் வேப்பிலையைப் பிய்த்துத் தின்னப் பார்த்தாள்.

மாமா தலை நிமிரவில்லை. "காப்புக்கு முந்துன நாளு கணவாய் தின்னப்ப கேட்டியாலே அவகிட்ட?"

"இல்ல மாமா."

"ம்." கையிலிருந்த வேப்பிலைக் கொத்தைக் கட்டி முடித்தார். பிறகு ஒரு பூவை எடுத்துச் சன்னதிக்குள் போய்விட்டு வந்து, என்னைப் பார்த்துச் சொன்னார். "பிள்ள போட்டுக் கழட்டுன கவுன் ஒண்ணு குடு ஆத்தா. துவைக்காததாப் பாத்து. தோள்ல போட்டுக்கிட்டு எறங்கட்டும். பிள்ள வாசம் இருந்தாப் போதும் அவளுக்கு."

வரும் வழியில் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வத்தல் நெடி என்றார். அந்தத் தெருவில் யாரும் வத்தல் காயப் போடவில்லை.

8-4, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை. சுருக்கமாக.

மஞ்சள் கவுன், கழுத்தில் பருப்புக் கறையோடு. காலையிலிருந்து அதைத்தான் போட்டிருந்தாள். சாயங்காலம் கழற்றிக் கொடுத்தேன். விரல் வீக்கம் இல்லை, தொட்டால் மட்டும் லேசாக வலி. "போகாட்டியும் பரவாயில்லங்க" என்று காதில் சொன்னேன். "இது நான் கட்டுன காப்பு. நாந்தான் எறங்கணும்."

குழியின் அனல் அத்தனை தூரத்தில் நின்ற எங்கள் முகத்திலேயே அடித்தது. இவர் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். குலவைச் சத்தம். பக்கத்தில் அத்தை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. யாரோ பையன்கள்: "ஏலே, அந்த மாமா ஓடுறாரு பாருடா! நொண்டிக்கிட்டுத்தானடா வந்தாரு!"

கண்ணைத் திறந்தேன். மறுமுனையில், கால் குளிரப் பால் ஊற்றி வைத்த குழியில் நிற்கிறார். தோளில் கவுன். வாயெல்லாம் பல்.

யாழினி என் இடுப்பிலிருந்து, "அப்பா, என் சட்டை!"

அத்தை அப்போதுதான் என் கையை விட்டார். "வளையல நான் நிமித்தித் தாரேன்த்தா" என்றார். அது போதும்.

9-4, புதன்

காப்பு அவிழ்த்துக் கண்மாயில் போட்டாயிற்று. காலைச் சாப்பாட்டுக்கு முன்பே சேகர் அண்ணன் போன். "மாப்ள, ஐஸ்ல ரெண்டு கெடக்கு. கல்லு மாதிரி இருக்கு."

நான் அடுப்படியில் தாளிக்காமல் கரண்டியோடு நின்றேன்.

"நாளைக்குச் சொல்றேன்டா" என்றார் இவர்.

ராமநாதபுரம் வந்து கடையைத் திறந்தவர், மதியம் கையில் ஒரு முழம் செம்புக் கம்பியோடு வீட்டுக்கு வந்தார். மோட்டாரில் சுற்றுகிற கம்பி. முறுக்கி வளையம் போல ஆக்கியிருந்தார். மணிக்கட்டை நீட்டினார்.

"கட்டி விடு."

"என்னது இது?"

"கயிறு இருந்தா என் கை தானா நின்னுக்கிருது. கயிறு இல்லாட்டி நிக்காது. இனிமே நீ கட்டு. நீ அவுத்தாத்தான் தொடுவேன்."

என் தலையில் கட்டுகிறாரே என்று ஒரு நிமிஷம் கோபம். அப்புறம் கட்டினேன். ஊரிலிருந்து கூட வந்திருந்த அத்தை எட்டிப் பார்த்து, "பொம்பள கட்டுற காப்பா? நல்லாருக்கு கூத்து." இரண்டடி போய்த் திரும்பி, "இறுக்கிக் கட்டுத்தா."

12-4, சனி

கையை நீட்டினார். "டாக்டரம்மா இந்த மாசம் பூராம் வேண்டாம்னுருக்காக" என்றேன். கையை இழுத்துக்கொண்டார். பானகம் கலந்து கொடுத்தேன். முகம் பார்க்கச் சகிக்கவில்லை.

நடை மட்டும் தினமும். நடைக்கூட்டமே இப்போது வடைக் கடை வழியாகப் போகாமல் சுற்றி வருகிறதாம். சேகர் அண்ணன் கட்சி மாறி, தனியாகப் போய்த் தின்கிறார்.

3-5, சனி

யாழினிக்குக் கோடைச் சளி. ஆவி பிடிக்க வைத்தேன். பரவாயில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இறங்கியிருக்கிறது. "இப்படியே விட்டா உத்தமம். ஆசைன்னா எப்பவாச்சும் பாதி. நண்டுகூடச் சேக்கவே கூடாது" என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை இவர் காதில் 'பாதி' சரியாக விழுந்தது.

சாயங்காலம் கம்பியை நான் அவிழ்த்தேன். மணிக்கட்டில் பச்சையாக ஒரு வளையக் கறை. பாட்டிலைத் துணியால் துடைத்தும் சாளை வாசம் போகவில்லை. தொட்டுக்கொள்ளச் சுண்டல். பெரிய டம்ளரில் பாதி பாட்டில் ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடி, மெல்ல, ஏதோ தீர்த்தம் போலக் குடித்தார். ரொம்ப நாள் கழித்து எனக்கும் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முடித்துவிட்டு மீதிப் பாதியைப் பார்த்தார். பஸ்ஸில் பையை விட்டுவிட்டு இறங்கினவர் மாதிரி.

"மூடி வச்சா நொர போயிரும்த்தா."

"போகட்டும். கொட்டிடுறேன்." பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். யானை விளையாட்டுச் சத்தம் உள்ளே.

கெமிஸ்ட்ரி படித்தவள். ஒரு வாய், என்னதான் இருக்கிறது என்று பார்க்க. கசப்பு. ஆறிப்போன வேப்பம்பூ ரசம். இதற்கா இத்தனை? சரியாகத் தெரிந்துகொள்ள இன்னொரு வாய்.

உள்ளே வந்து கம்பியைத் திரும்பக் கட்டிவிட்டேன், இறுக்கி.

"கொட்டிட்டியா?"

"கொட்டிட்டேன்."

கொட்டவில்லை.