எட்டேகால்ல நின்ன கடிகாரம்

கண்ணுக்குட்டிக்கு அப்பா எழுதுறது.

காலைல ஏழு பத்துக்கு சேதி வந்துச்சு. வழக்கமா நீ எப்படி இருக்கேன்னு கேட்டுத்தான் ஆரம்பிப்பேன், இன்னிக்கு அந்த வேலை மிச்சம், உன் அத்தை போன்ல வாசிச்ச புகார்லயே நீ ரொம்ப நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. முதல்ல அவ நம்பரைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கிட்டுத்தான் போனை எடுத்தேன். அம்மாவைப் பத்தி ஆஸ்பத்திரில இருந்து போன் வந்ததும் இப்படி ஒரு காலைலதானே. எடுத்தா அத்தை, "அண்ணா, உன் பொண்ணு பல்பு எரிஞ்சிடுச்சு, என் வீட்டுக்காரர் மானம்தான் போச்சு"ங்கறா. நான் ஒயரோட வாங்கிக் கொடுத்த டார்ச் பல்பு ஒரு பேட்டரி செல்லுல மினுக்மினுக்னுதான் எரியுதுன்னு ராத்திரி ஸ்டூல் போட்டு ஏறிக் கூடத்துக் கடிகாரத்தோட செல்லைக் கழட்டிட்டியாம். கடிகாரம் எட்டேகால்ல நின்னுடுச்சு. காலைல ஆறரைக்குக் கண்ணு முழிச்ச மாமா எட்டேகாலைப் பார்த்துட்டுக் குளிக்காம, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாராம். பேப்பர் போடுறவர், "என்ன சார், பஸ்ஸை எழுப்ப வந்தீங்களா"ன்னு கேட்டாராம்.

ரெண்டு செல் போட்டும் எரியலப்பான்னு நேத்து ராத்திரி மூணு தடவை போன் பண்ணினே. நானும் ஒயரைப் பாரு, டேப்பைப் பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ரெண்டு செல்லும் பிளஸ்ஸும் பிளஸ்ஸுமா தலையோட தலை முட்டிக்கிட்டு நிக்கும்னு, தினம் லிஃப்ட் ரிப்பேர் பண்ற எனக்குத் தோணவே இல்ல. நீயா ஒண்ணைத் திருப்பிப் போட்டிருக்கே. அம்மா இருந்தா தெருவுக்கே சொல்லியிருப்பா. உன்னைக் கூப்பிடச் சொன்னேன். அத்தை உள்ள போய்ட்டு வந்து, "கை வேலையா இருக்காளாம், அப்புறம் பேசறாளாம்"னா. தினம் நாலு தடவை போன் பண்ணி, "அப்பா, இருக்கியா"ன்னு மட்டும் கேட்டுட்டு வைக்கிற பொண்ணு நீ. போனை வச்சிட்டு டீயைக் குடிச்சேன், சர்க்கரையே இல்ல. டப்பாவைத் திறந்தா எறும்பு கூட இல்ல. எத்தனை நாளா இப்படியே குடிச்சேனோ, நாக்குக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

இதோட நாலு செல் அனுப்பியிருக்கேன், முதல் செல் மாமா கடிகாரத்துக்கு, நீயே போட்டுட்டு ஒரு சாரி சொல்லு. அடுத்து ஒயரை ஒரு இடத்துல வெட்டிட்டு அந்த இடைவெளியில ஸ்பூன், சீப்பு, ரப்பர், ரெண்டு பக்கமும் சீவின பென்சில்னு ஒவ்வொண்ணா வச்சுப் பாரு, எது கரண்ட்டை விடுது, எது விடலைன்னு. பென்சில் என்ன பண்ணுதுன்னு நான் சொல்ல மாட்டேன். செல்லோட ரெண்டு முனையையும் வெறும் ஒயரால சேர்க்காதே, சுட்டுடும். சுவத்து பிளக் பக்கம் மட்டும் போகவே கூடாது, அது அப்பாவுக்கே பயம்.

நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு, மாமாவை இனிமே ஓட விடாதே, நல்லா இருடா செல்லம். அம்மா போனதுலேருந்து இந்த போனைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் பாதிக் கண்ணுலதான் தூங்குறேன். இன்னிக்கு லீவு, மத்தியானம் நிம்மதியாத் தூங்கப் போறேன். அவசரம்னா கீழ்வீட்டு டெய்லருக்குப் போன் போடச் சொல்லி அத்தைகிட்ட சொல்லிட்டேன். பல்பு எரியலைன்னா அவசரம் இல்ல, நீயே பார்த்துக்குவே.

இருக்கேன்டா. போனை மட்டும்தான் அணைச்சிருக்கேன்.

உன் அப்பா