பெரிய ற, சின்ன ர

மாசி 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்று துளிகூட இல்லை. பக்கத்துக் குப்பம் பசியாவரத்திலிருந்து நண்டு வந்தது. இன்றைய வேலை: கால் கட்டுதல், சாக்கு நனைத்தல், பெரம்பூர் பார்சல்.

மாலை, தினேஷ் என்கிற சென்னைப் பையனுடன் வீடியோ கால். போனில் தேடுகிறவர்களுக்கு நம் நண்டுக் கடை முதல் பக்கத்தில் வரும்படி செய்து தருவது அவன் தொழில். இருக்கிற சேமிப்பு ஒன்றுக்குத்தான் போதும்: ஒன்று அவன், இல்லையென்றால் நண்டு சாகாமல் அனுப்ப ஒரு குளிர்ப்பெட்டி. நான் தினேஷ் கட்சி. என் நாத்தனாரும் கூட்டாளியும் சண்டைக்காரியுமான செல்வி பெட்டிக் கட்சி.

"மொத பக்கத்துல வந்து இன்னா அண்ணி பண்றது, நண்டு செத்து நாறுனா?"

"ஆர்டரே வரலைன்னா பெட்டிக்குள்ள உன்னத்தான் வெக்கணும்."

இருவருக்கும் பயம் ஒன்றுதான். கோடைக்குள் கடை நிற்காவிட்டால் பழையபடி நண்டை ஏஜெண்டிடம் கொடுத்து, அவர் சொல்கிற விலைக்குத் தலையாட்ட வேண்டும்.

மாசி 5, புதன்

மானம் போனது. நம் இணையப் பக்கத்தைப் பார்த்த தினேஷ், மெதுவாக, "மேடம், ஊர் பேரே தப்பா இருக்கே."

பழவேற்காடு என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் 'பழவேர்காடு'. டைப் அடித்தவள் செல்வி. நானோ பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளி முதல். இத்தனை நாள் கண்ணிலேயே படவில்லை!

"வேரு, காடு. கரீட்டாத்தான கீது?" நண்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை அவள்.

மத்தியானம் முழுக்க ஒவ்வொன்றாகத் திருத்தினேன். சின்ன ர போய்ப் பெரிய ற. அப்பாடா என்றிருந்தது. மீன்குழம்பு அடிபிடித்துவிட்டது.

மாசி 15, சனி

சனிக்கிழமை என்றால் போனைக் கீழே வைக்க முடியாது. இன்று ஒரு அழைப்புகூட வரவில்லை. போன வாரமும் அரைகுறைதான். செல்வி சிம்மைக் கழற்றி, ஊதி, மறுபடி போட்டாள். "ரீசார்ஜ் பண்ணியா அண்ணி?" பண்ணியிருக்கிறேன்.

கட்டி வைத்த நண்டு கூடையோடு அப்படியே. ஏஜெண்ட் அந்தப் பக்கமாக வந்தார், பார்த்தார், சிரித்தார், போனார். அதற்கப்புறம் செல்வி என்னோடு சண்டைக்கே வரவில்லை. எனக்கு அதுதான் அதிக பயம்.

மாசி 16, ஞாயிறு

வாடிக்கையாக நண்டு வாங்கும் பெரம்பூர் அக்கா போன்! "எங்க போயிட்டீங்க? பழவேர்காடு நண்டுன்னு போட்டா நீங்கதான் மொதல்ல வருவீங்க. இப்ப யார் யாரோ வர்றாங்க. பழைய பில்லப் பாத்து நம்பர் எடுத்தேன்."

"எந்த ர போட்டுத் தேடினீங்க?"

"சின்ன ர. வேற எந்த ர?"

போனைக் காதில் வைத்தபடியே சிரிப்பு வந்துவிட்டது. ஊர் உலகமே தப்பாகத்தான் தேடுகிறது. அதே தப்போடு நண்டு விற்ற கடை நாங்கள் மட்டும், அதனால் முன்வரிசை. திருத்தியதும் ஹோட்டல், படகு, சுற்றுலா எல்லாவற்றுக்கும் பின்னால் போய் நின்றுவிட்டோம்.

செல்வியிடம் சொன்னேன். கூடையைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்போ நான் பெரிய ஆளா அண்ணி?" பெரிய ஆள்தான்.

தினேஷுக்கும் சொன்னேன். "ஜனங்க எப்படித் தேடறாங்கன்னு பாக்கறதுதான் மேடம் எங்க வேலையே. பாக்காம திருத்தச் சொன்னது என் தப்பு. இப்போதைக்கு நீங்களே பண்ணுங்க, கடை பெருசானதும் கூப்பிடுங்க" என்றான். நல்ல பையன். கட்டாயம் கூப்பிடுவேன்.

ஆக, பெட்டிக் கட்சி வெற்றி. சாயங்காலமே எல்லா இடத்திலும் மறுபடி தப்பாக எழுதினேன். ஒவ்வொரு 'ர்'-க்கும் பள்ளித் தமிழம்மா முறைப்பது தெரிந்தது.

மாசி 25, செவ்வாய்

வடக்கிலிருந்து லேசான காற்று. போன் பழையபடி. கொளத்தூர், தாம்பரம், பெரம்பூர் அக்காவின் சம்பந்தி. ஏஜெண்ட் இன்று சிரிக்கவில்லை. எனக்கு வாய் நிறையச் சிரிப்பு.

குளிர்ப்பெட்டி வந்தாயிற்று. நீலம். செல்வி அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்ப்பதுபோல. பெட்டி மேல் கடைப் பெயர் எழுத, போர்டு எழுதும் ரஃபி பிரஷ்ஷோடு வந்தான்.

"அக்கா, பழவேக்காட்டுக்கு எந்த ர?"

"சின்ன..." என்று ஆரம்பித்தேன்.

செல்வி குறுக்கே விழுந்தாள். "இரு அண்ணி. பொட்டிய எவனும் தேடப் போறதில்ல. இதுல உன்னோட பெரிய ற இருக்கட்டும்."

ரஃபி அந்த எழுத்தை முடிக்கும்வரை, அடித்த போனைக்கூட நான் எடுக்கவில்லை.