நூறு எழுத்துக்குக் குறையாத பதில்

கூப்பிட்டால் "ஏனுங்க" என்று திரும்பிப் பார்க்கும் என் செல்விக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. தர்ஷினி இப்போது ஐந்தாம் வகுப்பு. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடக்கிறது. திரையில் வண்ணக் கட்டங்கள் இருக்கும். "நட", "பேசு", "கேட்டுக் காத்திரு" என்று ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை. இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் படம் அசையும், கதை நடக்கும். முதல் கதையில் ஒரு முயல் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறியது. இறங்குவதற்குக் கட்டம் வைக்க மறந்துவிட்டாள். முயல் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் போய்வந்துகொண்டே இருந்தது. கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லையா என்று நீ சிரித்திருப்பாய்.

போன ஞாயிறு காலை, "அப்பா, புதுக் கதை. வாங்க" என்று கூப்பிட்டாள்.

என் கம்ப்யூட்டர் திரையில் நம் வீடு. பச்சை கேட். மஞ்சள் ஃபிராக் போட்ட பெண் வாசலில் நிற்கிறாள், காலில் ஷூ. நீலச் சட்டைக்காரர் ஒருவர் பைக்கிலிருந்து இறங்குகிறார். பத்திரிகைக்காரனின் தொழில் பழக்கம், தப்பு இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்த அந்தக் கடைசிச் சாயங்காலம் நான் நீலச் சட்டைதான்.

அந்தப் பெண் கேட்டாள்: "அன்னிக்கு என்னைய ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலீங்க?" கீழே ஒரு வெற்றுக் கட்டம், பதில் எழுத.

"குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள்" என்று எழுதினேன். அதே கேள்வி திரும்ப வந்தது. "அப்பாவுக்கு நேரமில்லை" என்றேன். மறுபடியும் அதே கேள்வி.

"ஏஞ்சாமி, இது ரிப்பேரா?"

"ரிப்பேரெல்லாம் இல்லீங்கப்பா. நூறு எழுத்துக்குக் கொறைஞ்சா திரும்பக் கேக்கும். நாந்தான் அப்படி வெச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க எதக் கேட்டாலும் ரெண்டு வார்த்தைல முடிச்சிருவீங்க. பேப்பர்ல மட்டும் பக்கம் பக்கமா எழுதறீங்கல்ல?"

டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். "போய்ட்டு வாங்க. அது காத்துக்கிட்டுத்தான் இருக்கும்" என்றாள்.

அடுப்படியில் நின்றேன். பால் பொங்கி வழிந்தது. அந்தச் சாயங்காலத்தில் பாதிதான் உனக்குத் தெரியும், செல்வி. "பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, அஞ்சு நிமிஷம் விடறோம்" என்று நர்ஸ் சொன்னார். நீயும் மூன்று தடவை கேட்டாய். தயாராக இருக்கும்படி அவளுக்கு போன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் அவளைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் போய்விட்டது. சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். உன்னிடம், "அவ தூங்கறா" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நம்பினாயா? மறுநாள் காலை கேட்பதற்கு நீ இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினேன்: "நர்ஸ் உன்னைக் கூட்டிவரச் சொன்னார். அம்மாவும் கேட்டாள். முகத்தில் குழாயோடு அவளைப் பார்த்தால் அந்த முகமே உன் மனதில் நின்றுவிடும் என்று பயந்தேன். விடமாட்டார்கள் என்று நான் சொன்னது பொய்."

திரை வெள்ளையானது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"அடுத்த சீன் இன்னும் செய்யலீங்கப்பா. நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியாம எப்படிச் செய்யறது?"

நான் எழுதியதை இரண்டு முறை படித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா கேட்டாங்களா?"

"மூணு தடவை கேட்டா, சாமி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ தூங்கறேன்னு சொன்னேன்."

அதற்குத்தான் அவள் குரல் உடைந்தது. "நான் தூங்கவே இல்லையே! நீங்க திரும்பி வருவீங்கன்னு கேட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அம்மாகிட்ட சொல்லிருங்க, நான் தூங்கலைன்னு."

எப்படிச் சொல்வேன்? எனக்குத் தெரிந்தது எழுதுவது மட்டும்தான். அவளிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு கட்டில் வரைந்திருக்கிறாள். பக்கத்தில் யார் நிற்பது என்று காட்ட மறுக்கிறாள். நானும் கேட்கவில்லை.

செல்வி, அன்று உன் மகள் தூங்கவில்லை. மஞ்சள் ஃபிராக்கோடு, ஷூவைக்கூடக் கழற்றாமல், உன்னிடம் வருவதற்காக உட்கார்ந்திருந்தாள். அவள் இனி எதைக் கேட்டாலும் நூறு எழுத்துக்குக் குறையாமல் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
தர்ஷினியின் அப்பா