வாரிவிட்ட ரோடு

ஜூன் 4, செவ்வாய்

மருமகள் நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு வந்தாள். பத்தே முக்காலுக்கு வந்திருக்க வேண்டும். பால் பண்ணையில் ஷிப்ட் முடிவது பத்து மணி. வழி முழுக்க சிக்னல் விழுந்தாலும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

பேண்ட் முட்டியில் கிழிசல், முழங்கையில் ரத்தம், வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி போச்சு.

“ஐஸ் கம்பெனி வளைவு தாண்டினதும் ரோடு வாரி விட்டுடுச்சு அத்தை.”

பள்ளமா என்றேன். இல்லையாம். மணலா? இல்லையாம். எண்ணெயா? தெரியவில்லையாம். ஒன்றுமே இல்லாத ரோடு எப்படி ஒரு மனுஷியை வாரிவிடும்? யார் காதில் பூ சுற்றுகிறாள்? பதினெட்டு வருஷம் ரோடு வேலையில் தார் காய்ச்சியவள் நான். இந்தத் தெருவில் இன்னும் எனக்குப் பேரே தாரக்காதான். ஐஸ் கம்பெனி வளைவிலிருந்து பள்ளிக்கூடச் சுவர் வரை எங்கள் கூட்டம் போட்ட ரோடு. அதன்மேல் பழி போடுகிறாள்.

ஜூன் 5, புதன்

சமையலை முடித்துவிட்டு நடந்தே போய்ப் பார்த்தேன். உச்சி வெயில். ஓரமாக ஒரு தடவை போனேன், ஒரு தடவை வந்தேன். பலகை மாதிரி கிடக்கிறது ரோடு. ஒரு குழி இல்லை.

அப்படியானால் அந்த அரை மணி நேரம் எங்கே இருந்தாள்? போனில் பேசிக்கொண்டே ஓட்டினாளா? யாரிடம்?

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் என்னைக் கேட்காமல் என் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டவள் இவள். காற்று வரும் என்றாள். எனக்குக் காற்று வேண்டும் என்று யார் சொன்னது? ஒன்பது வருஷம் ஆகிறது. அன்று வியாழக்கிழமை.

ஜூன் 7, வெள்ளி

மகன் கப்பலிலிருந்து பேசினான். கேட்டான், சொன்னேன். ரோட்டில் ஒன்றும் இல்லை, நானே போய்ப் பார்த்தேன் என்றேன். அந்த அரை மணி நேரத்தையும் சொன்னேன். பிறகு, “இருபத்தாறாம் தேதி வர்றேன்மா. வந்ததும் வண்டிய வித்துடலாம். அவ வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும்” என்றான்.

வண்டி இல்லாவிட்டால் வேலை இல்லை. ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஒன்றாம் தேதியிலிருந்து அவளை ஷிப்டுக்கு இன்சார்ஜ் ஆக்குகிறார்களாம். போன மாசம் அதைச் சொல்லும்போது வாயெல்லாம் பல்.

நான் பார்த்ததைத்தானே சொன்னேன்.

ஜூன் 8, சனி

நேற்று பத்து நாற்பதுக்கே வந்துவிட்டாள். அதிசயம்.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று ராத்திரி மறுபடியும் விழுந்திருக்கிறாள். அதே இடம்.

இந்தத் தடவை ஒரு ஆள் கூட வந்தான். தலையில் ஹெல்மெட், முகம் தெரியவில்லை. அவளுடைய வண்டியை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டுப் போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டில் அங்கே இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

“யாரு அது?”

“தெரியாது அத்தை. பின்னாடி வந்தவரு. போன வாரம் அவரும் அங்கதான் விழுந்தாராம்.”

பதில் தயாராக இருக்கிறது பார். மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. ஐஸ் வைத்துக் கட்டினேன். கட்டும்போது கேட்டேன், எப்படித்தான் விழுந்தாய், உள்ளதைச் சொல் என்று. கோபத்தில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“நேராத்தான் போனேன். லேசா இடது பக்கம் ஒதுங்கினேன். முன்சக்கரத்த யாரோ கீழ இருந்து பிடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. திருப்பினா திரும்பல. அவ்வளவுதான், கீழ கிடக்கிறேன். நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க.”

போங்க என்றாள் என்னை. இருக்கட்டும்.

ஆனால் தூக்கம் வரவில்லை. பொய் சொல்கிறவர்கள் நாய் குறுக்கே வந்தது என்பார்கள், எதிர் லைட் கண்ணைக் கூசியது என்பார்கள். கீழே இருந்து பிடித்துக்கொண்டது என்று யார் கயிறு திரிப்பார்கள்?

ஜூன் 12, புதன்

காலையிலேயே போனேன். வளைவில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர் என்னைப் பார்த்து, “அந்தப் பொண்ணு உங்க மருமகளா தாரக்கா? திங்கக்கிழமை நான் கடை எடுத்து வைக்கும்போதுதான் விழுந்துச்சு. தூக்கிவிட்டவரு யாரோ, பாவம், நல்ல மனுஷன்” என்றார். இந்த மாசத்தில் மட்டும் அங்கே ஆறு பேர் விழுந்தார்களாம். பாலத்தை மூடியதிலிருந்து லாரியெல்லாம் இந்த வழியாகத்தான் போகிறதாம்.

“எல்லாம் ரெண்டு சக்கரந்தான். கார்க்காரனக் கேட்டா, அப்படி ஒண்ணும் இல்லையேம்பான்.”

செருப்பைக் கழற்றினேன். ஓரமாகப் போகாமல் ரோட்டின் நடுவில் இறங்கி, வண்டி போகிற போக்கிலேயே நடந்தேன். பத்தடி கூடப் போகவில்லை, உள்ளங்காலில் தட்டியது. ரோட்டோடு ரோடாக, நீளவாக்கில் ஒரு விளிம்பு. அதற்கு இடப்பக்கம் ரோடு இறங்கிக் கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இஸ்திரிக்காரரிடம் ஒரு நூல் வாங்கிக் குறுக்கே இழுத்துப் பிடித்து விரலை விட்டுப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் இரண்டாம் கணு வரை இறங்கியது. நீளம் என் காலுக்கு நாற்பத்தொரு எட்டு.

“என்ன தாரக்கா, ரோட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா? அளவெல்லாம் பலமா இருக்கு.”

“ராத்திரி லைட்டுல கூடவா இது தெரியாது?” என்று கேட்டேன்.

“குறுக்க பள்ளம் இருந்தா நிழல் விழும், தெரியும். இது கூடவே ஓடி வருது. லைட்டும் அது போக்குல போகுது. எங்க நிழல் விழ?”

சக்கரம் அந்த விளிம்பிலிருந்து இறங்கிவிட்டால் திரும்ப ஏறாது. உரசிக்கொண்டே போய் ஆளைச் சாய்த்துவிடும். அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

இது குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் இறங்கியது. எனக்குத் தெரியாதா? எங்கள் கூட்டத்து மேஸ்திரி வேலை இது. பதினோரு பேர் முன்னால் என்னை ‘ஏய்’ என்று கூப்பிட்டவன் போட்ட ரோடு எப்படி இருக்கும்?

ஜூன் 14, வெள்ளி

மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். பல் எல்லாம் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

“வா தாரக்கா. இன்னும் கோபமா இருக்கியா?”

“எந்தக் கோபத்தக் கேக்கறீங்க?”

சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். அரைகுறையாக மூடிவிட்டு ஊரை ஏமாற்றினது நீங்கள்தானே என்றேன்.

“ஊருல எவன் எப்பத் தும்மினான்னு சொல்லுவியே. அந்தப் பள்ளத்த மூடினது யாருன்னு யோசி.”

யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் கேட்டதும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால், மத்தியானம் மூன்று மணி, மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது. ரோலர் வேறு வேலைக்குப் போயிருந்தது. மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் இடிக்க வேண்டும். நாங்கள் மொத்தத்தையும் ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே ஜல்லி பரப்பினோம். தார் ஊற்றி மினுக்கினவள் நான்.

“நீங்கதானே போதும் மூடுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். நீ வேண்டாம்னு சொன்னியா?”

சொல்லவில்லை. மகனுக்கு அன்று காய்ச்சல். வீட்டுக்கு ஓடினால் போதும் என்று இருந்தது. போதும் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து எதிர்பார்த்துக்கொண்டு நின்றவளே நான்தான்.

‘ஏய்’ என்றதை மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு.

ஜூன் 15, சனி

அவளிடம் சொல்லிவிட்டேன். சட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ரோட்டுல பள்ளம் இருக்கு. அத மூடினது நான்.”

என்னையே பார்த்தாள். “அப்ப ரெண்டு தடவ என்னத் தள்ளிவிட்டது நீங்கதானா அத்தை?” என்று கேட்டுவிட்டுச் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அழுதாள். அந்த அழுகை எதற்கென்று எனக்குத் தெரியும். மகனிடம் நான் சொன்னது அவள் காதுக்கும் போயிருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

மகனுக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்பு என்றேன்.

“திடீர்னு அவ பக்கம் பேசற. அழுது ஆளக் கவுத்துட்டாளா?”

“ரோட்டத் தொட்டுப் பாத்தேன்டா.”

“அன்னிக்கும் பாத்தேன்னுதான சொன்ன?”

இந்தச் சந்தேகத்தை அவன் வெளியில் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை. என் மடியில் உட்கார்ந்து படித்தது.

ஜூன் 18, செவ்வாய்

ரோடு ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பேனாவை எடுத்துக்கொண்டு, “புகார் யார் மேல பாட்டி?” என்றான்.

“என் மேலதான். எழுது.”

எழுத மாட்டேன் என்கிறான். அப்படி எழுத ஒரு படிவம் அவர்களிடம் இல்லையாம். இடத்தை மட்டும் குறித்துக்கொண்டான். எப்போது வருவார்கள் என்று கேட்டேன். வருவாங்க என்றான்.

ஜூன் 26, புதன்

மகன் மத்தியானம் வந்தான். சாப்பிட்டதும், “நானே போய் அவளக் கூட்டிட்டு வர்றேன், அந்த ரோட்டையும் பாத்துடறேன்” என்றான். அவள் வேலைக்கு வண்டியில் போயிருந்ததால், சாயங்காலம் பஸ்ஸில் போய்விட்டு, வரும்போது அவளைப் பின்னால் உட்கார வைத்து இவன் ஓட்டி வருவதாக ஏற்பாடு.

“ஐஸ் கம்பெனி வளைவுகிட்ட வரும்போது அவ சொல்றதக் கேளு” என்றேன்.

“ஏம்மா, நான் பதினாறு வயசுல இருந்து வண்டி ஓட்டறேன்.”

பதினொன்றரைக்கு வந்தார்கள். அவன் நொண்டிக்கொண்டே வந்தான். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி நடந்து வர்றேன் என்று முன்னாலேயே இறங்கிக்கொண்டாளாம். அப்பவே சொன்னேனே என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 28, வெள்ளி

வண்டி விற்கிற பேச்சு எழவே இல்லை. கண்ணாடி புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தான்.

மத்தியானம் அவள் கிளம்புவதற்கு முன்னால், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, “நீ அந்த இடத்த எப்படித் தாண்டற?” என்று அவளிடம் கேட்டான். வளைவு வருவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், அந்த விளிம்புக்கு வலப்பக்கமே இருந்துவிட வேண்டும், இறங்கிவிட்டால் பிரேக் பிடிக்கக் கூடாது, உரசிக்கொண்டு ஏறப் பார்க்கக் கூடாது, நன்றாகத் திருப்பிக் குறுக்கே ஏற வேண்டும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். அவன் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கேயே இருந்தால் நடுவில் ஏதாவது சொல்வேன்.